சௌக்க காலம்

தமிழில் 'இளைத்துவிட்டாயே' என்பது நெடுங்காலம் ஒரு துக்க விசாரிப்பாகவே இருந்து வந்தது. ஊரிலிருந்து வரும் பாட்டி வாசற்படியில் நின்றவாறே 'ஏன்டா கொழந்தே, துரும்பா இளைச்சுட்டியே' என்றால் அதற்கு அன்பு என்று பொருள். அன்று இலையில் நெய் ஒரு கரண்டி கூடுதலாக விழும் என்றும் பொருள். ஒரே தலைமுறைக்குள் அச்சொல் பாராட்டாகிவிட்டது. 'இளைச்சுட்டீங்க போலிருக்கே சார்' என்று யாரேனும் சொன்னால், சொன்னவருக்குக் காபி வாங்கித் தரத் தோன்றுகிறது (சர்க்கரை இல்லாமல்). சொல்லின் பொருள் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. அம்மாற்றத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த அவசரத்தைப் பற்றியே எழுத நினைக்கிறேன்.

தி.நகரில் ஒரு மாலை நடந்தால் போதும். கையில் திணிக்கப்படும் துண்டுப் பிரசுரங்களில் பட்டுப்புடவைத் தள்ளுபடிக்கு அடுத்தபடியாக இருப்பது எடைக் குறைப்பு. முப்பது நாளில் பத்துக் கிலோ. பத்து நாளில் ஐந்து கிலோ. கைப்பேசியைத் திறந்தால் கொள்ளுக் கஞ்சியும் சீரகத் தண்ணீரும் இதே வாக்குறுதியைத் தருகின்றன. இவையெல்லாம் ஒரு தேதியை மனத்தில் கொண்டு பேசுபவை. கல்யாணத் தேதி, அமெரிக்காவிலிருக்கும் மகன் வந்து இறங்கும் தேதி, பழைய மாணவர் சந்திப்புத் தேதி. தேதிக்குப் பிறகு அவ்வுடம்பு என்ன ஆகும் என்பது பிரசுரத்தில் இல்லை.

எனக்கும் ஒரு தேதி இருந்தது. 2024 ஐப்பசியில் அடையாறில் ஒரு மருத்துவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 என்றார். 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-இல் நீரிழிவு. அப்போது என் எடை 86 கிலோ, வயது 50. வரும் தை மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். ஆகவே வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குள் பன்னிரண்டு கிலோ என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். மருத்துவர் போட்ட கணக்கு வேறு.

"ஆறு மாசத்துல ஆறு கிலோ. அது போதும்."

"அவ்வளவுதானா டாக்டர்?"

"அதைச் செஞ்சுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

எனக்கு அது விளையாட்டான விஷயமில்லை. என் தந்தைக்கு 44 வயதில் சர்க்கரை நோய் கண்டது. 61-இல் செருப்புக் கடித்த புண் ஒன்று ஆறாமல், வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன்பின் ஐந்தாண்டுகள் மயிலாப்பூர் வீட்டின் முன்னறையில், தேர் வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனவே மருத்துவரின் ஆறு கிலோ எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிப் படித்தேன். படித்தவற்றில் சிலவற்றைப் பகிர்ந்துகொள்வது பயன்படலாம்.

அந்த ஆறு, 86-இல் ஏழு சதவீதம். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்து 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வு வைத்த இலக்கு அது: உடல் எடையில் ஏழு சதவீதம் குறைவு, வாரம் 150 நிமிட நடை. அப்பிரிவினருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது.

அதைவிட என்னை வியக்க வைத்தது நம்மூர் ஆய்வு. ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், என்னைப் போல எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்றாண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தனிக் கவனிப்பு ஏதுமில்லாத பிரிவில் 55 சதவீதத்தினர் நீரிழிவுக்குள் போனார்கள். சர்க்கரையும் எண்ணெயும் குறைத்து, நாளும் அரைமணி நேரமாவது நடந்த பிரிவில் 39.3 சதவீதம். ஆச்சரியம் என்னவென்றால், அப்பிரிவினரின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! எடை மெஷின் சும்மா இருந்தது, நோய் பின்வாங்கியது. எடை குறைவது வேண்டாதது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் மெஷினில் முள் நகரும் முன்பே உடம்புக்குள் நல்லது தொடங்கிவிடுகிறது என்பதை அறிந்தவனுக்கு அவசரம் பாதியாகக் குறைந்துவிடும்.

இனி கணக்கு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி உறைந்திருக்கிறது. நான் நாளொன்றுக்கு நான்கு காபி குடிப்பவன்; டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதை விட்டதில் 160 கலோரி மிச்சம். நாகேஸ்வர ராவ் பூங்காவில் முக்கால் மணி நேர வேக நடைக்குச் சுமார் 200. இரவு நான்கு தோசை இரண்டாகி, பக்கத்தில் ஒரு கிண்ணம் கூட்டு வந்ததில் ஏறக்குறைய 150. மொத்தம் 500, வாரத்துக்கு 3,500. அதாவது, தாளில் அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. நடைமுறையில் விருந்தாளி வருவார், அமாவாசை வரும், மழை வந்து நடை தடைப்படும். எனவே கால் கிலோ. பெரும்பாலான மருத்துவ வழிகாட்டிகள் சொல்லும் வாரம் அரை முதல் ஒரு கிலோ என்பது மேல் வரம்பு என்று கொண்டால், நம் வீடுகளில் கால் கிலோ ஒன்றும் கேவலமில்லை.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கிற்று என்பவர்கள் பொய் சொல்வதில்லை. கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து, தன் எடையைப் போல மூன்று மடங்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் அந்தத் தண்ணீர் வெளியேறுகிறது. மறுபடி ஒரு நாள் சாம்பார் சாதம் சாப்பிட்டால் திரும்பி வரும். விளம்பரங்களின் ஆயுள் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

இந்திய உடம்புக்கு வேகம் ஆகாது என்று நான் எண்ணுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. புனேயின் டாக்டர் யாக்னிக், தம் பிரிட்டிஷ் நண்பர் யட்கினோடு எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் 2004-இல் 'லான்செட்' இதழில் வந்து புகழ்பெற்றது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. நம்மிடம் பொதுவாகத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்திலிருந்து சர்க்கரையை வாங்கிக்கொள்வதில் பெரும் பங்கு தசையுடையது. இருப்பதே கொஞ்சம், அதையும் இழந்துவிட்டு யாரிடம் போய்க் கேட்பது? என் மருத்துவர் பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றைக் கூட்டச் சொன்னார். நாற்காலியில் கைபிடிக்காமல் உட்கார்ந்து எழச் சொன்னார். "தோப்புக்கரணம் போட்டுக்கறேனே டாக்டர்" என்றேன். "பேஷா" என்றார்.

தி.நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர் ஓர் எடைக் குறைப்பு நிலையத்தில் சேர்ந்து இரண்டே மாதத்தில் 14 கிலோ குறைத்தார். மூன்றாம் மாதம் ஒரு நள்ளிரவில் வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, பித்தப்பையில் கற்கள், அறுவை சிகிச்சை. கொழுப்பு அதிவேகமாகக் கரையும்போது கல்லீரல் பித்தநீரில் கொலஸ்டிராலை அதிகம் கலக்கிறது, சாப்பாடு குறைந்ததால் பித்தப்பை சுருங்கி விரிவதும் குறைகிறது, தேங்கியது கல்லாகிறது. வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போனால் இவ்வபாயம் கூடுகிறது என்கிறார்கள். நண்பர் இப்போது நலம். இழந்த 14-இல் 11 திரும்பிவிட்டது.

'அதெல்லாம் பழைய கதை, இப்போது ஊசி வந்துவிட்டதே' என்று பூங்காவில் ஒருவர் சொன்னார். உண்மைதான். 2025-இல் மவுஞ்சாரோவும் வெகோவியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. தேவைப்படுபவர்களுக்கு அவை பெரிய உதவி. ஆயினும் அவற்றின் வேகத்தையும் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். வெகோவியின் மருந்தான செமாகுளுடைடை வைத்து 2021-இல் வெளியான ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 15.3 கிலோ குறைந்தது. வகுத்தால் வாரத்துக்கு 225 கிராம்! உலகமே வாய்பிளந்து பார்த்த மருந்தின் நடையும் ஏறத்தாழ என் மருத்துவர் சொன்ன நடைதான். அதையும் நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை மறு ஆய்வு காட்டிற்று.

மெதுவாகக் குறைத்தால் எடை திரும்பாது என்று நான் சொல்லப் போவதில்லை. மெல்போர்னில் 200 பேரை வைத்து, ஒரு சாராரை 12 வாரத்திலும் மறு சாராரை 36 வாரத்திலும் இளைக்கச் செய்து பார்த்தார்கள் (2014). மூன்றாண்டுக்குள் இரு சாராருக்குமே இழந்ததில் எழுபது சதவீதம் திரும்பிவிட்டது. மெதுவாகப் போவது மட்டும் காப்பாற்றாது என்பதே இதன் பாடம். திட்டம் முடிந்ததும் பழைய தட்டுக்குத் திரும்புகிறவருக்கு 12 வாரமும் 36 வாரமும் ஒன்றுதான். முடிவே இல்லாமல் கடைப்பிடிக்கக்கூடிய ஒன்றையே தொடக்கத்திலும் கடைப்பிடிக்க வேண்டும். அப்படிப்பட்டது எதுவும் வேகமாக இருக்க முடியாது.

சங்கீதத்தில் இதைச் சௌக்க காலம் என்பார்கள். துரிதத்தில் பாடும்போது சிறு பிசகுகள் ஓடி மறைந்துவிடும். சௌக்கத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூச்சு வேண்டும். கைத்தட்டலும் குறைவு. நாளுக்கு 35 கிராம் குறைவதைக் கண்ணாடி காட்டாது. ஞாயிறு காலை மட்டும் எடை பார்ப்பது, நான்கு வாரச் சராசரியை மட்டும் நோட்டில் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு கல்யாண விருந்து ஒரே இரவில் ஒரு கிலோ தண்ணீரைக் கூட்டிக் காட்டும். சராசரிக்கு அந்தப் பதற்றம் இல்லை.

தை மாதக் கல்யாணத்தன்று என் எடை 83. எவரும் கவனிக்கவில்லை. பெண்ணைப் பெற்றவனின் உடுப்பு பஞ்சகச்சம். அதற்கு இடுப்பளவு கிடையாது என்பது நம் முன்னோர் செய்த பெரிய உபகாரம். சித்திரையில் 81. அதன்பின் ஏழு வாரம் முள் நகரவில்லை. இளைத்த உடம்புக்குச் செலவும் குறைவு. ஆதலால் இந்த நிறுத்தம் எல்லோருக்கும் வருவதே. "போதும், இனிமே குறைச்சா நன்னாருக்காது" என்று அம்மா ஆறுதல் சொன்னாள். நடை மட்டும் பத்து நிமிடம் கூடிற்று. மார்கழியில் சபா கேன்டீன்களுக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் அக்காரவடிசல் சாப்பிட்டேன், ஒரு கரண்டி வீதம். சீசன் முடிந்தபோது 79.6 கிலோ, சர்க்கரைச் சராசரி 5.8.

பதினான்கு மாதங்களில் ஆறரைக் கிலோ கூட இல்லை. துண்டுப் பிரசுரம் அச்சடிக்கும் அளவுக்கு இது ஒரு சாதனை அன்று. 5.8 என்பதும் எல்லைக்கு உட்பட்டதே. நோய் வாசலை விட்டுப் போய்விடவில்லை, ஓரடி பின்னே தள்ளி நிற்கிறது. அப்பாவுக்குக் கால் போனபோது அவருக்கு 61. அந்த வயதை அடைய எனக்கு இன்னும் பத்தாண்டு இருக்கிறது. பத்தாண்டுகள் நடக்க வேண்டியவன் மூன்று மாதத் திட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?