நாலு நாள் அவகாசம்

தாமிரச் செம்பில் இரவு ஊற்றி வைத்த தண்ணீரைக் காலையில் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. மாத்தூரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் அந்தச் செம்பைப் பரண்மேல் எறிந்துவிட்டாள். பதினாலு வயது மகளுக்கு மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து வந்தாள். பெண் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் ஈரலில் தாமிரம் தங்கிவிட்டது தெரிந்தது. 1912-ல் இதை விவரித்த வில்ஸன் என்ற டாக்டரின் பேரால் வழங்கும் வியாதி. செம்பின்மேல் குற்றமில்லை. சாப்பாட்டிலுள்ள தாமிரத்தில் மிஞ்சியதைப் பித்தநீரோடு கழிப்பது ஈரலின் வேலை. அதற்கான ஜீன் பிறவியிலேயே பழுது.

பெண்ணின் மாமா மணலியில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். “கிட்னிக்கு மிஷின் இருக்குதே சார், ஈரலுக்கு இல்லையா? பம்பும் பில்டரும்தானே?” என்றார்.

நியாயமான கேள்வி. சிறுநீரகம் கழிக்கும் அழுக்கு தண்ணீரில் கரையும். டயாலிசிஸ் சவ்வு வழியே இறங்கிவிடும். ஈரல் கழிக்க வேண்டிய விஷங்களில் பல, ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுக்கின்றன. தாமிரமும் அந்த ஜாதிதான். 1990-களில் ஜெர்மனியில் ராஸ்டாக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். சவ்வுக்கு மறுபுறமும் ஆல்புமினையே ஓடவிட்டார்கள். விஷம் தோள் மாறியது! ‘மார்ஸ்’ என்று அதற்குப் பெயர். செலவு ஏராளம். இன்னொரு வழி, நோயாளியின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டுத் தானம் வந்த பிளாஸ்மாவை ஏற்றுவது. எலி மருந்து தின்று ஈரல் கெட்டவர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யில் இதைச் செய்கிறார்கள்.

ஆனால் ஈரல் வெறும் வடிகட்டியா? ரத்தம் உறைவதற்கான சரக்கு அங்கேதான் தயாராகிறது. “உங்கள் ஆலையில் சாக்கடையை மட்டும் சுத்தம் செய்தால் உற்பத்தி நடக்குமா?” என்று கேட்டேன்.

“நடக்காது சார். ஆனா நாலு நாள் தாங்கும்.”

என்னைவிட அவர் சரியாகச் சொல்லிவிட்டார். அந்த நாலு நாளில் மாற்று ஈரலுக்கு வழி பார்க்க வேண்டும். நம் வடசென்னையில், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே அந்த ஆபரேஷன் நடக்கிறது. மூன்று முறை பிளாஸ்மா மாற்றிக் கிடைத்த அவகாசத்தில் தாயைச் சோதித்தார்கள். தன் ஈரலில் ஒரு பங்கை மகளுக்குக் கொடுத்தாள். பெண் பிழைத்தாள்.

எனக்கு இப்போது கவலை தம்பியைப் பற்றி. பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும். இருவரிடமும் பழுது ஒவ்வொன்று இருப்பதால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். பையன் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான். அக்காளும் போன வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். ரத்தத்தையும், ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரையும் சோதித்து, கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் உண்டா என்று பார்க்க வேண்டும். வியாதி இருந்தால், 1956-ல் வால்ஷ் என்ற ஆங்கில டாக்டர் அறிமுகப்படுத்திய பெனிசிலமைன், அல்லது துத்தநாக மாத்திரை. ஆயுள் முழுவதும் விடாமல் சாப்பிட்டால் மிஷின், கத்தி இரண்டுக்கும் அநேகமாக வேலை இராது.

பரீட்சை முடியட்டும் என்கிறாள் பாட்டி. நான் ஒப்புக்கொள்ளவில்லை.