பருத்தி விலையில் பிறந்த நம்பர்

என் பெரியப்பா காட்டன் ஆடியவர். வடசென்னையில் வேலை பார்த்த காலத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம், சத்தியவேட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் விடவில்லை. வீட்டில் யாரும் அதைச் சூதாட்டம் என்று சொல்லிக் கேட்டதில்லை. "அவரு நம்பர் கட்டுவாரு" என்பார்கள். ஒரு நாளில் ஓப்பன் ஒன்று, குளோஸ் ஒன்று. பூஜ்ஜியம் முதல் ஒன்பது வரை ஏதாவது ஓர் எண்ணின் மேல் பணம் வைக்கலாம். இரண்டையும் சேர்த்து ஜோடியாகவும் வைக்கலாம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "பம்பாய்லேர்ந்து போன்ல வரும்டா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எந்த எண்ணின் மேல் வைப்பது என்பதை அவர் எப்படி முடிவு செய்தார் என்று கேட்டால் மட்டும் பேச்சு நீளும்.

வேலூர், ஆம்பூர், திருவண்ணாமலைப் பக்கம் "காட்டன் சூதாட்டம் நடத்தியவர் கைது" என்ற செய்தி இன்றைக்கும் பத்திரிகையில் வருகிறது. கைதானவரிடம் பிடிபடுவது துண்டுச்சீட்டும், பேனாவும், கொஞ்சம் பணமும். பஞ்சு ஒரு பொதிகூட இருக்காது. இதில் பருத்தி எங்கே நுழைந்தது என்பதில் தொடங்கியதுதான் என் தேடல்.

விடை நியூயார்க்கில் இருந்தது. அங்கே 1870 முதல் பருத்திச் சந்தை ஒன்று நடந்துவந்தது. அதன் தொடக்க விலையும் முடிவு விலையும் டெலிபிரிண்டரில் பம்பாய்ப் பருத்திச் சந்தைக்கு வரும். வியாபாரிகளுக்கு அது சரக்கு விலை. சந்தைக்கு வெளியே நின்றவர்களுக்கு அது ஓர் எண், அவ்வளவுதான். தொடக்க விலையின் மேல் ஒரு பந்தயம், முடிவு விலையின் மேல் ஒரு பந்தயம். ஓப்பன், குளோஸ் இரண்டும் அங்கிருந்து வந்தவை. பருத்தி மூட்டையைக் கண்ணால் பார்க்காதவனும் அதன் விலையின் கடைசி இலக்கத்தின் மேல் காசு வைத்தான்.

ஏன் இத்தனை தொலைவிலிருந்து ஓர் எண்ணைத் தருவிக்க வேண்டும்? தெருமுனையில் நாலு சீட்டு எழுதிக் குலுக்கினால் போதாதா? போதாது. காசு கட்டுபவனுக்கு ஆட்டம் நடத்துபவன்மேல் நம்பிக்கை கிடையாது. நடத்துபவன் கைக்கு எட்டாத இடத்தில் எண் பிறக்க வேண்டும். பிறந்ததை ஊரே பார்க்க வேண்டும். 1920களில் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின மக்களிடையே ஓடிய நம்பர் ஆட்டமும் இதே வழியில்தான் போனது. காஸ்பர் ஹோல்ஸ்டீன் என்பவர் வங்கிகளின் தீர்வகம் அன்றாடம் வெளியிடும் தொகையிலிருந்து மூன்று இலக்கங்களைப் பிடித்து ஆட்டமாக்கினார். பத்திரிகையில் அச்சாகிற எண்ணை யார் மாற்ற முடியும்? ஹார்லெமுக்கு வங்கி, பம்பாய்க்குப் பருத்தி. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததாகத் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் ஏழைக்கு வேண்டியிருந்தது ஒன்றே: பணக்காரர்கள் தங்களுக்காகப் பத்திரமாக வைத்திருக்கும் ஓர் எண்.

1961இல் நியூயார்க்கிலிருந்து அந்த விலை வருவது நின்றுபோனது. ஆட்டம் நிற்கவில்லை. கட்ச் பகுதியிலிருந்து பம்பாய்க்கு வந்து, வொர்லியில் மளிகைக்கடை வைத்திருந்த கல்யாண்ஜி பகத் 1962இல் தன் பெயரிலேயே ஒன்றைத் தொடங்கினார். பிரிவினையின்போது கராச்சியிலிருந்து வந்த ரத்தன் கத்ரி 1964இல் இன்னொன்று. எண்கள் எழுதிய சீட்டுகளைப் பானைக்குள் போட்டு எடுத்ததால் மட்கா என்று பெயர். பிறகு பானை போய்ச் சீட்டுக்கட்டு வந்தது. மூன்று சீட்டு எடுப்பார்கள். ஐந்து, மூன்று, ஆறு என்று வந்தால் கூட்டுத்தொகை 14. அதன் கடைசி இலக்கம் 4. அதுதான் ஓப்பன். இன்னொரு முறை மூன்று சீட்டு எடுத்தால் குளோஸ். மில் தொழிலாளிகளின் நகரமான பம்பாயில் இது எப்படி ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கத்ரியை மனதில் வைத்து 1975இல் 'தர்மாத்மா' என்று ஓர் இந்திப் படமே வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் அவர் சிறையிலும் இருந்தார், 2020இல் இறந்தார்.

எனக்கு வியப்பாக இருப்பது வேறு. எண் தொலைவில் பிறக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கே உடைந்துவிட்டது. பம்பாயில் ஒரு மனிதர் கையால் எடுக்கிறார். ஆனாலும் வடசென்னையில் உட்கார்ந்திருந்த என் பெரியப்பாவுக்குப் பம்பாயே போதிய தொலைவாக இருந்தது. கட்டுப் பிரிக்கும்போது ஆடுபவர்களையே கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார் கத்ரி என்ற கதை தெற்கு வரை வந்திருந்தது. பத்தில் ஒன்று விழும் எண்ணுக்கு ஒன்பது மடங்குதான் தருவார்கள் என்பதைப் பற்றி யாரும் கதை சொல்லவில்லை. பத்து ரூபாய் உள்ளே போனால் சராசரியாக ஒரு ரூபாய் நடத்துபவனிடம் தங்கும். தினமும் ஆடுகிறவனுக்கு அந்த ஒரு ரூபாய் வீட்டு வாடகை மாதிரி, நிற்காது.

இப்போது சத்தியவேட்டில் காட்டனைப் பற்றிப் பேசுபவர்கள் வயதானவர்கள். இளசுகள் பேசுவது "கேரளா". இந்த மாற்றத்துக்குப் பின்னால் அரசுகள் இருக்கின்றன.

கேரளம் 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. அதே 1968இல் அண்ணா தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டைக் கொண்டுவந்தார். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற அவருடைய வாசகத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1975இல் கருணாநிதி அதை நிறுத்தினார். எம்.ஜி.ஆர். ஆட்சியில் திரும்பி வந்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா எல்லா லாட்டரிகளையும் தடைசெய்தார். பஸ் நிலையங்களில் ஒலிபெருக்கி கட்டிச் சீட்டு விற்ற மேஜைகள் ஒரே நாளில் காணாமல் போயின.

சத்தியவேட்டுக்காரர்களுக்கு அந்தத் தடை அடுத்த மாநிலச் செய்தி, ஆனால் உறைத்தது. 1960 ஏப்ரல் 1 வரை எங்கள் ஊர் சென்னை மாநிலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எல்லையைப் பிரித்த படாஸ்கரின் பரிந்துரைப்படி திருத்தணி சென்னை மாநிலத்துப் பக்கம் போக, நாங்கள் ஆந்திரப் பக்கம் வந்தோம். சித்தூர் மாவட்டமாக இருந்து 2022இல் திருப்பதி மாவட்டமானோம். வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு. ஊத்துக்கோட்டைக்கும் கவரப்பேட்டைக்கும் போகிற பஸ்ஸில்தான் பெண் எடுப்பதும் கொடுப்பதும், சினிமாவும், வைத்தியமும். நம்பரும் அதே பஸ்ஸில் வந்தது.

சீட்டு ஒழிந்த இடத்தில் நம்பர் எழுதிய வெள்ளைத்தாள் வந்தது. கேரள அரசின் குலுக்கல் திருவனந்தபுரம் கோர்க்கி பவனில் மத்தியானம் மூன்று மணிக்கு நடுவர்கள் முன்னால் நடக்கிறது. அதில் முதல் பரிசு விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்கிறார்கள். முதலாவது ஏ போர்டு, அடுத்தது பி, கடைசி சி. ஒரு போர்டின் மேல் கட்டலாம், மூன்றையும் சேர்த்தும் கட்டலாம். கேரள அரசுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதன் சீட்டு அந்த மாநிலத்துக்கு வெளியே விற்பதற்கே இல்லை. பழைய நியூயார்க் விலையைப் போலவே, வேறு யாருக்கோ பிறக்கும் எண்ணை இங்கே இரவல் வாங்குகிறார்கள். நாகாலாந்து அரசின் டியர் லாட்டரிக்கு மத்தியானம் ஒரு மணி, மாலை ஆறு, இரவு எட்டு என்று ஒரு நாளில் மூன்று குலுக்கல் இருப்பதால் இரவல் வாங்க அதுவும் தோதாகிவிட்டது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர் இந்த மூன்று நம்பர் ஆட்டத்தில் எல்லாவற்றையும் இழந்து, மனைவி, மூன்று பெண் குழந்தைகளோடு உயிரை மாய்த்துக்கொண்டது இதன் கணக்கில் வருகிறது.

சட்டத்தைப் புரட்டியபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. 1998ஆம் ஆண்டின் மத்திய லாட்டரிச் சட்டம், ஒற்றை இலக்கத்தின் மேல் பரிசு வைக்கக் கூடாது என்கிறது. ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. அதனால் கேரளம் கிழமைக்கு ஒரு லாட்டரி வைத்தது. செவ்வாய்க்கு ஸ்திரீ சக்தி, வியாழனுக்குக் காருண்யா பிளஸ், சனிக்குக் காருண்யா. தினக் குலுக்கல் என்று நாம் சொல்வது, காகிதத்தில் தனித்தனியான ஏழு வாராந்தரக் குலுக்கல்கள். ஆடுபவனுக்கு அது ஒரே ஓட்டம்.

எண் வரும் வழி இவ்வளவு. இனி, அதை முன்கூட்டியே பிடிக்கும் வழி. அரசுச் சீட்டில் எண்ணை அச்சகம் போட்டுவிடும். நாம் செய்வதெல்லாம் தொங்கும் சீட்டுகளில் ஒன்றைப் பிய்ப்பது. நம்பர் கட்டுகிறவன் எண்ணைத் தானே சொல்ல வேண்டும். அங்கேதான் வித்தைகள் பிறக்கின்றன.

பெரியப்பா கனவுக்காரர். செத்தவர் கனவில் வந்தால் அவர் செத்த தேதி. கல்யாணம் கனவில் வந்தால் பந்தியில் எத்தனை இலை என்று எண்ணிப் பார்ப்பாராம், தூக்கத்திலேயே. இது நம் பழைய சரக்காக இருக்கும் என்று எண்ணிக் கனா நூல்களைத் தேடினேன். பொன்னவன் பெயரில் ஒரு கனா நூல் உண்டு. எந்த யாமத்தில் கண்ட கனவு எத்தனை காலத்தில் பலிக்கும், எதைக் கண்டால் செல்வம், எதைக் கண்டால் கேடு என்றெல்லாம் அது பேசும். கட்டுவதற்கு ஓர் எண் அதில் கிடைக்காது. பழைய தமிழ்க் கனவு வாழ்க்கையைச் சொன்னது, நம்பரைச் சொல்லவில்லை.

கனவை எண்ணாக்குவது குலுக்கல் உள்ள ஊர்களின் வேலை. இத்தாலியின் நேப்பிள்ஸில் ஸ்மோர்ஃபியா என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அங்கே லாட்டரி எண்கள் 1 முதல் 90 வரை. கனவில் பிணம் வந்தால் 47, அந்தப் பிணம் பேசினால் 48, பயந்துவிட்டால் 90. ஷில்லாங்கில் ஞாயிறு தவிர தினமும் வில்லாளிகள் அம்பு எய்கிறார்கள். இலக்கில் தைத்த அம்புகளின் எண்ணிக்கையில் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் வெற்றி எண். தீர் என்ற அந்த ஆட்டத்தை மேகாலயா 1982இல் சட்டபூர்வமாக்கிவிட்டது. அங்கும் முதல்நாள் கனவைக் கேட்டுத்தான் எண் கட்டுகிறார்கள். நேப்பிள்ஸுக்கும் ஷில்லாங்குக்கும் பெரியப்பாவுக்கும் நடுவே கடிதப் போக்குவரத்து இருந்திருக்க வழியில்லை.

அதிர்ஷ்ட எண்ணின் கதை வேறு. பிறந்த தேதியைக் கூட்டி "என் நம்பர் அஞ்சு" என்று சொல்வது ரிஷிகள் காலத்து விஷயம் போலப் பேசப்படுகிறது. தேடினால் வழி போய் நிற்பது கீரோ என்ற புனைபெயர் கொண்ட ஓர் ஐரிஷ்காரரிடம். 1866இல் பிறந்த வில்லியம் ஜான் வார்னர். எண்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1926இல் வந்தது. இந்தியாவில் பிராமணர்களிடம் கற்றதாக அவரே சொல்லிக்கொண்டார். சாட்சி அவர் மட்டும்தான். தமிழில் இதை வீடுதோறும் கொண்டுபோனது பண்டிட் சேதுராமனின் 'அதிர்ஷ்ட விஞ்ஞானம்'. எண் மதிப்பு தமிழ் எழுத்துக்குக் கிடையாது, ஆங்கில எழுத்துக்குத்தான். ரிஷிகள் ஆங்கிலத்தில் எப்போது கூட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊர்ப் பெயரைக் கூட்டிப் பார்த்தேன். தமிழர்கள் எழுதும் வழக்கப்படி 'டி'க்குப் பக்கத்தில் 'எச்' போட்டால் 36, அதாவது 9, செவ்வாய். ஆந்திர அரசு எழுதுவதுபோல 'எச்' இல்லாமல் எழுதினால் 31, அதாவது 4, ராகு. மாநிலம் மாறியதில் கிரகமும் மாறியிருக்கிறது!

கனவையும் கிரகத்தையும் இன்றைய ஆட்டக்காரர்கள் மதிப்பதில்லை. அவர்களுக்குச் சார்ட்டு. ஊரில் தையற்கடை வைத்திருக்கும் ஒருவர் எனக்குத் தூரத்துச் சொந்தம், மாமா முறை. அளவு நோட்டின் பின்பக்கத்தில் மூன்று பத்தி போட்டு ஏ, பி, சி எழுதிவைத்திருக்கிறார். விழுந்த எண்கள் நீல மையில். ரொம்ப நாளாக விழாதவை ஓரத்தில் சிவப்பில். "சி போர்டுல ஏழு விழுந்து ஒரு மாசம் ஆவுது மாப்ள. வந்தே ஆவணும்" என்றார்.

இந்தச் சிவப்பு மைக்கு வயது அதிகம். பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814இல் வெளியிட்ட நிகழ்தகவு நூலில், அரசு லாட்டரியில் நெடுநாள் விழாத எண்ணின் மேல் கூட்டம் போய்க் கொட்டுவதைக் கவனித்து எழுதியிருக்கிறார். வெனிஸ் குலுக்கலில் 53 என்ற எண் 2003 முதல் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் விழாமல் போனது. வந்தே தீரும் என்று இத்தாலியர்கள் அதன் மேல் கட்டிய தொகை 350 கோடி யூரோவைத் தாண்டியது. 2005 பிப்ரவரியில் அது விழுவதற்குள் வீட்டை இழந்தவர்கள் உண்டு. சுழலும் இயந்திரத்துக்கு நேற்று விழுந்தது நினைவில் இருக்காது என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கே சொல்லும். ஆனால் நோட்டில் ஒரு மாத இடைவெளியைக் கண்ணால் பார்த்தவனிடம் அதைச் சொல்லி நம்பவைப்பது கஷ்டம்.

அதனால் மாமாவுக்கு வேறு மாதிரி கணக்குப் போட்டுக் காட்டினேன். ஓர் எண் ஒரு போர்டில் முப்பது நாள் தொடர்ந்து விழாமல் இருக்க நூற்றுக்கு நாலு வாய்ப்பு. அரிதுதான். ஆனால் பத்து எண், மூன்று போர்டு, ஆக முப்பது இடம். அந்த முப்பதில் ஏதோ ஒன்று ஒரு மாதமாகக் காலியாகக் கிடக்க, எந்த நாளில் பார்த்தாலும் நாலுக்கு மூன்று வாய்ப்பு. உங்கள் ஏழு ஒன்றும் விசேஷம் இல்லை, அதற்கு அடுத்து எட்டோ மூன்றோ இதே மாதிரி காணாமல் போய்க் காத்துக்கொண்டிருக்கும், நோட்டில் சிவப்பு மை தீரவே தீராது என்றேன்.

மாமா காஜா போடுவதை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டார். நான் தாளில் எழுதிய முப்பது கட்டங்களையும் ஒருமுறை விரலால் தொட்டு எண்ணினார்.

"அப்ப எந்நேரம் பார்த்தாலும் கட்டுறதுக்கு ஒண்ணு இருக்கும்ங்கிற" என்றார்.