டெலிபோன் மணி

பம்பாய் வி.டி.யில் ஸ்லோ லோக்கல் ஏறி உட்கார இடம் கிடைத்துவிட்டால் போதும், மாட்டுங்கா வருவதற்குள் நாடகத்தின் ப்ராப்பர்ட்டி லிஸ்டை ஒரு தடவை சரிபார்த்துவிடலாம். பைகுலாவுக்குள் முதல் காட்சி, பரேலுக்குள் இடைவேளை. டவரா டம்ளர், மூக்குக்கண்ணாடி, மேடையில் கிழித்துப்போட ஒரு கடிதம் (ஒவ்வொரு தடவையும் புதுசாக எழுதணும்), டெலிபோன். பகல் பூரா ஃபோர்ட்டில் வங்கி லெட்ஜரை டாலி பண்ணிய கைக்கு இதெல்லாம் பழகிய வேலைதான்.

அந்த டெலிபோன் வெறும் கூடு. மணி இருந்தது விங்கில், என் பக்கத்துப் பலகையில். நடிகர் ரிசீவரைத் தூக்கியதும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாகணும். கொஞ்சம் பிந்தினாலும் சபையில் சிரிப்பு. வசனத்தில் லயித்து நின்றால் கதை கந்தல், கையைத்தான் பார்க்கணும். பெரிய பெரிய சோகக் காட்சிகளையெல்லாம் நான் கைகளாகத்தான் பார்த்திருக்கிறேன்.

1963-ல் திறந்த ஷண்முகானந்தா ஹால் 1990-ல் தீப்பிடித்து 1998 வரை மூடிக் கிடந்ததே, அந்தக் காலம். மைசூர் அசோசியேஷன், செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் என்று மேடைக்கு மேடை அளவு மாறும். செட்டை வெட்டி ஒட்டித் தந்தவர் தாராவியில் தச்சுவேலை செய்த திருநெல்வேலி அண்ணாச்சி. நாடகம் என்ன கதை என்று ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை கதவு என்பார், அவ்வளவுதான். "கதவ இந்தப் பக்கமா தொறக்க வச்சா வாரவன் மூஞ்சி தெரியாதுல்லா தம்பி?" எந்த டைரக்டரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

சென்னையிலும் சபா நாடகத்தை வளர்த்தது ஆபீஸ் போகிறவர்கள்தானே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ், நாகேஷ் ரயில்வே, கிரேஸி மோகன் சுந்தரம் கிளேட்டன். சினிமா கூப்பிட்டது, வேலையை விட்டார்கள். திரை இழுக்கிறவனையும் நாற்காலி மாற்றுகிறவனையும் எந்தத் தயாரிப்பாளர் தேடி வரப்போகிறார்? எங்களுக்கு விட்டுப்போக வழியே இல்லை. சம்பளம் வந்தால்தான் டாக்ஸிக்குக் காசு.

வில்லங்கம் செப்டம்பரில் வரும். 30-ஆம் தேதி அரையாண்டுக் கணக்கு முடிப்பு. சில வருஷம் நாடகம் போடும் நவராத்திரியும் அதை ஒட்டியே வந்து நிற்கும். என் முதல் மேனேஜர் மராத்திக்காரர், தாதர் சிவாஜி மந்திரில் நாடகம் பார்த்துப் பழகியவர். அனுமதி கேட்டுப் போய் நின்றால், "மூணாவது பெல் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்பார். மூணாவது பெல் அடித்தால் திரை தூக்கியே ஆகணும் என்பதை அவருக்கு விளக்கவேண்டியதில்லை. மறுநாள் காலை சீக்கிரம் வந்து பாக்கியை முடித்துவிடுவேன்.

அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்கு நாடகம் என்றாலே ஆகாது. அதற்குப் பிறகு மெடிக்கல் லீவுதான். நாடக நோட்டீஸில் கடைசி வரி 'மேடை நிர்வாகம்', என் பெயர். இடம் போதவில்லை என்றால் அச்சகத்துக்காரர் முதலில் தூக்குவது அதைத்தான். குழுவில் இதற்காக எனக்குப் பரிந்து சண்டை போட்டவர்கள் உண்டு. நான்தான் அவர்களை அடக்கி உட்கார வைத்தேன். ஜுரம் என்று எழுதிக்கொடுத்த தேதியில் பெயர் அச்சாகி வந்தால் யார் பதில் சொல்வது?