கீரிமலைத் தண்ணீரும் ஓர் ஆலாத்தித் தட்டும்

எங்கள் மாதர் சங்கத்தின் சிறுசேமிப்பில் கொஞ்சம் வட்டிப் பணம் மிஞ்சியிருந்தது. அதை என்ன செய்வது என்று கூட்டத்தில் கேட்டபோது, தலைவி அக்காதான் சொன்னா: "ஒருநாளைக்கு எல்லாருமாய்க் கீரிமலைக்குப் போய் முழுகிப்போட்டு வருவம்." கடைசியில் வரக்கூடியதாக இருந்தது ஐந்து பேருக்குத்தான். வைகாசி மாதத்து வெயில் ஏறுமுன் இணுவில் சந்தியில் பஸ் ஏறினோம்.

காங்கேசன்துறை வீதியில் எனக்கு ஒவ்வொரு சந்தியும் ஒரு கதை. மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம் என்று பஸ் போகப் போக, மற்றவர்கள் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் முகாம்கள் இருந்த இடங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். 1990 ஆனி மாதத்தில் சண்டை தொடங்கியபோது, வலிகாமம் வடக்கிலிருந்து ஒரு சீலைப் பொதியோடு வெளிக்கிட்டவர்கள் நாங்கள். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று சொன்னார்கள். எங்கள் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகிப் போனது. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகுதான் காணிகளைத் துண்டு துண்டாக விட்டார்கள். என் மாமியார் ஊரைப் பார்க்காமலே முகாமில் கண்ணை மூடினார். என் கணவர் 1996 இல் ஷெல் விழுந்து போனார். அப்போது இளையவள் கைக்குழந்தை.

தெல்லிப்பழையில் துர்க்கை அம்மன் கோவில் கோபுரம் தெரிந்ததும் எல்லோரும் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டோம். சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மாவை நினைத்துக்கொண்டேன். கலியாணம் கட்டாத ஒரு பெண், ஆண்கள் நிறைந்த மேடைகளில் ஏறிச் சமயம் பேசினார். இந்தக் கோவிலை நிர்வகித்தார். ஆதரவில்லாத பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். 2008 இல் அவர் மறைந்தபோது ஊரே அழுதது. தொடக்கத்தில் ஊர் அவரைப் பற்றி என்ன கதைத்திருக்கும் என்று யாரும் இப்போது நினைப்பதில்லை.

கீரிமலையில் இறங்கியதும் கடல் காற்று முகத்தில் அடித்தது. கடலுக்கும் கேணிக்கும் இடையில் ஒரு மதில்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். எங்கள் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். பெய்த மழை அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்துக்கு அடியால் ஓடிவந்து இங்கே ஊற்றாக வெளிவருகிறது. செத்தவர்களுக்கு அந்தியேட்டி செய்யவும், ஆடி அமாவாசைக்குத் தகப்பன்மாரை நினைத்துத் தீர்த்தமாடவும் வருகிற இடமும் இதுதான். அதனால் யாழ்ப்பாணத்தில் கீரிமலைக்கு வராத துக்கம் இல்லை.

பெண்களுக்கான கேணி மதிலுக்குள் மறைவாக இருக்கிறது. அங்கே இறங்கிய உடனே ஐந்து பேரும் பத்து வயதுப் பிள்ளைகளாகிப் போனோம். தலைவி அக்கா படியில் வழுக்கி விழப் பார்த்ததற்கு நாங்கள் சிரித்த சிரிப்பு மதிலுக்கு வெளியே கேட்டிருக்கும்.

முழுகி ஏறி உடுப்பு மாற்றும்போதுதான் அது நடந்தது. எங்களோடு வந்த ஒரு தங்கச்சி, வன்னியிலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பவள். 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலில் கணவனைத் தொலைத்தவள். அவர் இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. அவள் தலையைத் துவட்டிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு ஒட்டுப்பொட்டு மட்டையை எடுத்தாள். எடுத்தவள், எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்தாள்.

"இன்னும் வைக்கிறியே பிள்ளை?" என்று ஒரு குரல் கேட்டது. சகோதரிகளே, அந்தக் குரல் என்னுடையது.

அவள் கோபிக்கவில்லை. "வைச்சாலும் கதைக்கினம், வைக்காட்டிலும் கதைக்கினம் அக்கா. இதை எடுத்தால், அவரை நானே சாகக் குடுத்த மாதிரி" என்றாள். பொட்டை ஒட்டிக்கொண்டு ஈரச் சீலையைப் பிழியத் தொடங்கினாள். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

நான் கேட்டது எவ்வளவு வெட்கக்கேடு என்பதை நீங்கள் அறிய, என் மூத்தவளின் கலியாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று நான் மணவறைப் பக்கம் போகவில்லை. அறைக் கதவுக்குப் பின்னால், கதவு நீக்கலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னைத் தள்ளி வைக்கவில்லை. "நீ உள்ளுக்கு நில், ஆக்கள் ஒரு மாதிரி நினைப்பினம்" என்று உறவுக்காரி ஒருவர் அன்பாகத்தான் சொன்னார். நானும் அன்பாகத்தான் கேட்டேன். சீமேந்துக் கல் சுமந்து, கோழி வளர்த்து, அந்தப் பிள்ளையை ஆளாக்கியவள் நான். அவள் தாலி கட்டும்போது என் முகம் முழிவியளத்துக்கு ஆகாத முகமாகிப் போனது. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கே, இன்னொருத்தியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வாய் வந்ததே!

வடக்குக் கிழக்கில் கணவனை இழந்த பெண்கள் 89,000 பேர் என்று 2010 ஆம் ஆண்டளவில் அரசாங்கத் தரப்பில் ஒரு கணக்குச் சொன்னார்கள். அத்தனை பேரும் ஒவ்வொரு கதவுக்குப் பின்னால் நின்றால், மணவறைக்கு முன்னால் நிற்க யார் மிச்சம்? காணாமற்போனவர்களின் மனைவிமாரின் நிலை இன்னும் சிக்கல். முன்பு இறப்புச் சான்றிதழ் எடு என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 2016 இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஆள் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்காமல், காணாமற்போயிருக்கிறார் என்றே சான்றிதழ் எடுக்கலாம். அப்படியும் ஒரு நிலை உண்டு என்று சட்டம் ஒத்துக்கொண்டுவிட்டது. எங்கள் ஒழுங்கைதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் மாவிட்டபுரத்தில் இறங்கினோம். கந்தசுவாமியாரைக் கும்பிட்டுவிட்டு, வீதியில் நிழல் பார்த்து இருந்து, கொண்டுபோன புட்டையும் கத்தரிக்காய்க் கறியையும் பிரித்தோம். இந்த ஊரின் பெயருக்கு ஒரு கதை உண்டு. மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசிக்குக் குதிரை முகம். பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் முகம். அவள் கடல் கடந்து வந்து, கீரிமலையில் தீர்த்தமாடி அந்த முகம் நீங்கப் பெற்றாள். மா முகம் விட்ட இடம் மாவிட்டபுரம். இந்தக் கோவிலைக் கட்டியவளும் அவள்தான் என்று சொல்வார்கள். ஊர் பார்க்கக் கூசிய முகத்தோடு வந்த ஒரு பெண் கட்டிய கோவில் என்பதை, சிறுவயதில் கேட்டபோது நான் யோசித்ததில்லை.

இதே கோவில் வாசலில் 1968 இல் வேறொரு கதை நடந்தது. தாழ்த்தப்பட்ட சாதி என்று ஒதுக்கப்பட்ட மக்கள் உள்ளே போய்க் கும்பிட உரிமை கேட்டு வாசலில் நின்றார்கள். பொது இடங்களில் சாதி காரணமாகத் தடுப்பது குற்றம் என்று 1957 இலேயே சட்டம் வந்திருந்தது. ஆனாலும் தடுக்க ஆட்கள் திரண்டார்கள். முன்னின்றவர் படிக்காதவர் அல்ல. கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். வழக்கு லண்டன் கோமறை மன்றம் வரை போய், 1971 இல் அங்கேயும் அவருக்குத் தோல்விதான் கிடைத்தது. இன்று அந்த வாசலால் நாங்கள் யாரும் யோசியாமல் போய் வருகிறோம்.

அந்த நாட்களில் அம்மா இந்த ஊரில் இளம் பெண். "தடுத்தது பிழையெண்டு எங்கட வீட்டில எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டிலயும் தெரியும். ஆனால் ஆர் முதலில வாய் திறக்கிறது?" என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஊர் முழுக்க ஒரே மாதிரி நினைக்கிறது என்று ஒவ்வொரு வீடும் நினைத்திருக்கிறது. உண்மையில் ஒவ்வொரு வீடும் மற்ற வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தப் பயம் மடத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். முகாமில் பக்கத்துக் கொட்டிலில் அடுப்பு எரிந்ததால்தான் என் பிள்ளைகள் கஞ்சி குடித்தார்கள். ஊர் ஒதுக்கினால் சீவிக்க ஏலாது என்பது எங்களுக்கு அனுபவம். யுத்த காலத்தில் வாய் திறப்பது உயிரோடு விளையாட்டு. மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம எல்லாத் தரப்பின் பிழைகளையும் எழுதினார். 1989 செப்டெம்பர் 21 அன்று வீதியில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் ஒக்டோபர் 30 இல், சோனகதெரு முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். நாங்கள் பேசாமல் நின்றோம். அந்த மௌனத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் துவக்கு இல்லாத இடத்திலும், ஒரு பொட்டு மட்டைக்கு முன்னாலும், அதே மௌனத்தைப் பழக்கமாக வைத்திருக்கிறோம்.

உளவளத்துணைப் பயிற்சி ஒன்றில் ஒருமுறை ஒரு விஷயம் சொல்லித் தந்தார்கள். 1950களில் அமெரிக்காவில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர், சில கோடுகளைக் காட்டி, இன்னொரு கோட்டுக்கு எது சமன் என்று கேட்டார். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற விடை. ஆனால் கூட இருந்தவர்கள், முன்கூட்டியே பேசி வைத்தபடி, ஒரே பிழையான விடையைச் சொன்னார்கள். உண்மையில் சோதிக்கப்பட்டவர் ஒருவர் மட்டுமே. அவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை கூட்டத்தோடு சேர்ந்து பிழையாகச் சொன்னார்களாம். ஆனால் கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும், அந்தப் பிழைகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. ஊர் முழுக்கத் துணைக்கு வரத் தேவையில்லை. ஒரு ஆள் போதும்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, தங்கச்சிக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். "நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது பிள்ளை" என்றேன். "பரவாயில்லை அக்கா, நீங்கள் முகத்துக்கு நேர கேட்டனீங்கள்" என்று சிரித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "ஆவணியில உங்கட சின்னவளின்ர கலியாணமெல்லே? அதுக்கும் உள்ளுக்கோ நிக்கப் போறியள்?"

எனக்கு விடை வரவில்லை. சின்னவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள், "அம்மா முன்னுக்கு நிக்காட்டில் எனக்குக் கலியாணம் வேண்டாம்" என்று. பிள்ளை சொல்வது சுகம். ஆலாத்தி எடுக்க இரண்டு பெண்கள் வேண்டும். இரண்டு பேரும் சுமங்கலிகளாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். நான் ஒரு பக்கம் பிடித்தால், மற்றப் பக்கம் பிடிக்க யார் வருவார்?

தலைவி அக்கா புட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தா. நாற்பது வருடமாகத் தாலியோடும் குங்குமத்தோடும் இருப்பவ. ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் முதல் அழைப்பு அவவுக்குத்தான். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னா: "நீ ஒரு பக்கம் பிடி. மற்றப் பக்கம் நான் பிடிக்கிறன். கதைக்கிறவை என்னோடையும் சேர்த்துக் கதைக்கட்டும்."

தங்கச்சி அழுதுவிட்டாள். நான் அழவில்லை. வாழைப்பழத் துண்டில் திரி எத்தனை வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ தெரியாது. அன்றைக்கு யார் முகம் சுழிப்பார்கள், யார் சாப்பிடாமல் போவார்கள் என்றும் தெரியாது. எனக்குக் கை நடுங்கும், அது மட்டும் நிச்சயம். ஆனால் தட்டை இரண்டு பேர் பிடிப்பதால் விழாது.

பஸ்ஸில் வரும்போது சுன்னாகத்தில் இறங்கி, சந்தைப் பக்கத்துக் கடையில் ஒரு தட்டு வாங்கினோம். ஐந்து பேரும் காசு போட்டோம். சங்கத்தின் பொதுத் தட்டாக அது இருக்கட்டும் என்று தலைவி அக்கா சொன்னா. கதவுக்குப் பின்னால் நிற்கும் யாருக்காவது நாளைக்குத் தேவைப்படும்.