கடலுக்குப் போகும் கத்தி, தெருவுக்கு வரக் கூடாது!

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விசைப்படகு கிளம்பும் முன் ஏற்றும் சாமான்கள் நிறைய. டீசல், ஐஸ், குடிதண்ணீர், அரிசி, மளிகை... இத்தனைக்கும் நடுவே சத்தமில்லாமல் ஏறும் ஒரு சின்னப் பொருள், கத்தி.

மீன் வெட்ட மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். கடலில் இறங்கிக்கொண்டிருக்கும் வலையில் ஒருவர் கால் மாட்டினால், சிக்கை அவிழ்க்க நேரம் இருக்காது. வலையின் கனமும் படகின் வேகமும் சேர்ந்து ஆளையே தண்ணீருக்குள் இழுத்துவிடும். அந்த நொடியில் உயிரைக் காப்பது, கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் கூரான கத்திதான்.

ஆனால், அலையில் ஆடும் படகில் அதே கத்தி ஆபத்தும் கூட. உறையில்லாமல் இடுப்பில் செருகியிருப்பவர் வழுக்கி விழுந்தால், அது அவர் தொடையிலோ வயிற்றிலோ பாயும். தளத்தில் போட்டுவைத்தால் அடுத்தவர் காலைக் கிழிக்கும். அதனால்தான், புதிதாகப் படகேறும் பையன்கள் முதலில் வாங்கும் திட்டு இப்படி இருக்கும்: "டேய், எடுத்த எடத்துல வைடா!" இருட்டிலும் கை தானாகப் போய் எடுக்கிற மாதிரி, கத்திக்கு ஓர் இடம், அதற்கு ஓர் உறை. பாதுகாப்பின் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி பழக்கத்தில் இருக்கிறது. வெட்டும்போது கூர்ப்பக்கம் உடம்புக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். இழுவையில் இருக்கும் கயிற்றை வெட்டினால் அது சாட்டையாகத் திரும்பி அடிக்கும். அதனால் அதற்கு நேரே நிற்கக் கூடாது. கை நழுவி விழும் கத்தியைப் பிடிக்கப் பாயவே கூடாது. கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கீழே வைத்து, அடுத்தவரை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். சண்டை வருமோ வராதோ, விரல் தப்பிக்கும்.

மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்பதும் தப்புக் கணக்கு. கூர் இல்லாவிட்டால் அழுத்தம் கூடும். அழுத்தினால் வழுக்கும். உப்புத் தண்ணீர் இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் அதன் ஆயுள் நீளும்.

அப்படியும் வெட்டுப்பட்டால், காபித்தூளையும் மஞ்சளையும் தேட வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். விரலே துண்டானால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸில் வைக்க வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர்.வெங்கடசாமி 1970-களின் தொடக்கத்தில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவை உருவாக்கினார். துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த பகுதியில், ஒரு குடும்பத்தின் சோறே கைவிரல்களில்தான் இருக்கிறது.

இனி கரைக்கு வருவோம். படகில் உயிர் காக்கும் கத்தி, ராயபுரம் தெருவில் வேறு அர்த்தம் எடுத்துவிடுகிறது. வடசென்னை என்றாலே சினிமா கையில் கத்தியைக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பெயரை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும் பையனும் சேர்த்தே சுமக்கிறான்.

ஆயுதச் சட்ட விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகிய பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால், ராத்திரி வாகனச் சோதனையில் இடுப்பிலிருந்து கத்தி எட்டிப்பார்த்தால், அது வலை வெட்டும் கத்தி என்று விளக்குவதற்குள் விடிந்துவிடும். 2021-ல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவில் ஏறினாலும் பையைச் சோதிப்பார்கள்.

அதனால், வேலை முடிந்ததும் கத்தியைப் படகிலேயே பூட்டி வைப்பது நல்லது. சாணை பிடிக்கவோ, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் வலை பின்னவோ எடுத்து வர நேர்ந்தால், உறையில் போட்டு, துணியில் சுற்றி, பையின் அடியில் வைத்து, நேராக வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வழியில் டீக்கடையில் நின்று நண்பர்களுக்கு எடுத்துக் காட்ட வேண்டாம்.

மலையேறப் போகிறவர்களுக்கும், தோட்டத்தில் இளநீர் வெட்டுகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். வேலை இருக்கும் இடம் வரைக்கும்தான் கத்திக்கும் இடம்.