மேசைக்கு இந்தப் பக்கம்

நாம் கேட்ட கேள்விக்குத்தான் பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பாதி நேரம் அவர்கள் பதில் சொல்வது நம் முகத்துக்கு. கேம்பஸ் இன்டர்வியூவில் இது அப்பட்டமாகத் தெரியும். ஒரு பையன் தன் ப்ராஜெக்ட்டைப் பற்றி நன்றாகவே சொல்லிக்கொண்டு வருவான். பேனலில் ஒருவர் குறிப்பெடுக்க லேப்டாப் பக்கம் திரும்புவார். உடனே குரல் இறங்கும், "அவ்ளோதான் சார்" என்று முடித்துவிடுவான். அவர் தட்டியது அவனுக்கான பாராட்டாகவே இருக்கலாம். அவனுக்கு எப்படித் தெரியும்?

நான் தாளில்தான் எழுதுவது. அதையும் முன்னாலேயே சொல்லிவிடுவேன்: "நான் குனிஞ்சு எழுதிட்டிருப்பேன்ப்பா, நீ பாட்டுக்குச் சொல்லு." குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர்களுக்கு இந்த ஒரு வரி ரொம்பவே உதவுகிறது. அதிகாரிகள் வந்துபோகும் வீட்டில் வளர்ந்த பிள்ளை நம் கடுகடுப்பைத் தாண்டிப் போய்விடும். மற்றவர்கள் அதையே முடிவு என்று எடுத்துக்கொள்வார்கள்.

1974இல் அமெரிக்காவில் வேர்ட், ஸான்னா, கூப்பர் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் நேர்காணல் செய்த வெள்ளையர்கள், கறுப்பின விண்ணப்பதாரர்களிடம் தள்ளி உட்கார்ந்தார்கள், பேச்சில் அதிகம் தடுமாறினார்கள், சீக்கிரம் முடித்தார்கள். அடுத்து செய்ததுதான் முக்கியம். பயிற்சி கொடுத்த ஆட்களை வைத்து, அதே விலகலை வெள்ளை விண்ணப்பதாரர்களிடம் காட்டச் செய்தார்கள். அந்த வெள்ளை விண்ணப்பதாரர்கள் பதறினார்கள், பதில்களும் சுமாராகின. 'தன்னம்பிக்கை போதாது' என்று மதிப்பெண் தாளில் எழுதப்போகும்போதெல்லாம், நான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

அதற்காக விடாமல் தலையாட்டுவதும் சரியில்லை. தப்பான பதிலுக்கும் தலையாட்டினால் அதே வழியில் இன்னும் தூரம் போய்விடுவார்கள். 'ஸ்ட்ரெஸ் இன்டர்வியூ' என்று வேண்டுமென்றே முறைப்பவர்களோடு எனக்கு ஒத்தே வராது. கால் சென்டருக்கு ஆள் எடுக்கிறோம், கத்துகிற கஸ்டமரைச் சமாளிக்க வேண்டும் என்றால், "நான்தான் அந்த கஸ்டமர்" என்று சொல்லிவிட்டுக் கத்தலாமே. (சொன்ன பிறகு பிள்ளைகளில் பலர் நம்மைவிட நன்றாகவே நடிப்பார்கள்.)

ஆன்லைனில் தொல்லை வேறு மாதிரி. ரெஸ்யூமே பக்கத்து மானிட்டரில் திறந்திருக்கும். நாம் அதைப் படிக்கிறோம். அந்தப் பக்கம் தெரிவது திருப்பிக்கொண்ட முகம். ரெஸ்யூமேயை கேமராவுக்கு நேர் கீழே சின்ன விண்டோவாக வைத்துக்கொண்டால் கழுத்து திரும்பாது. நெட் மெதுவாக இருந்தால் நம் சிரிப்பும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதனால் "சரி, மேல சொல்லுங்க" என்று வாயால் சொல்லிவிடுகிறேன்.