கூலி எழுதாத கணக்கு

பக்கவாதத்தில் படுத்துவிட்ட பெரியவரை மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். குடும்பத்துக்கும் அது ஆறுதல்தான். அறை வாடகை மிச்சம். கட்டில், ஏர் பெட், டயப்பர், மூக்குக் குழாய், பிசியோதெரபி என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, 'சமாளித்துவிடலாம்' என்கிறார்கள். அந்தத் தாளில் பார்த்துக்கொள்பவரின் உழைப்பு மட்டும் ஏறுவதில்லை. அதை எழுதாதவரை வீட்டுப் பராமரிப்பு மலிவு என்று சொல்வது பொய்க் கணக்கு என்பேன்.

படுத்த படுக்கையாக இருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். குழாயில் கஞ்சி விடும்முன் தலைமாட்டை உயர்த்தி, விட்ட பிறகும் அரைமணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம். மருத்துவமனையில் இதற்கு ஷிப்ட் உண்டு. வீட்டில் பகலுக்கும் இரவுக்கும் ஒரே ஆள், பெரும்பாலும் மருமகள் அல்லது மகள். 2019-இல் நடந்த இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் 27.6 சதவீதம், ஆண்கள் 14 சதவீதம். ஈடுபட்டவர்களில் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டார்கள். குழந்தை வளர்ப்பும் சேர்ந்த சராசரி இது. நோயாளி இருக்கும் வீட்டின் இரவுகள் இதில் தெரியாது. பார்த்துக்கொள்ளும் பெண் விட்ட வேலை, நின்றுபோன பி.எஃப்., பிடித்துக்கொண்ட முதுகு எல்லாம் செலவுதான். குடும்பத்தின் செலவு குறையவில்லை, ஒருத்தி தலையில் இறங்கியிருக்கிறது.

பாசத்துக்கு விலை போடலாமா என்று கேட்பார்கள். பாசத்துக்கு வேண்டாம், தூக்கத்துக்குப் போடலாம். இதனால் முதியோர் இல்லமே மேல் என்று நான் சொல்லவரவில்லை. மறதி நோய் வந்தவருக்குப் பழகிய அறையும் பழகிய குரலும் கலக்கத்தைக் குறைக்கும். மருத்துவமனைத் தொற்றும் அண்டாது. நன்மை உண்மை. ஆனால் அது நோயாளிக்கு, விலை வேறொருவருக்கு. ஆள் வைத்துக்கொண்டால் தீராதா? ஓரளவு தீரும், அந்த ஆளின் சாப்பாடு, லீவு, மாற்றாள் எல்லாம் திரும்ப அதே பெண்ணிடம்தான் வந்து நிற்கும்.

அரசின் கணக்கிலும் இதே ஓட்டை. 70 வயது கடந்தவர்களுக்கு 2024-இல் விரிந்த ஆயுஷ்மான் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்தால் 5 லட்சம் வரை கொடுக்கும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நர்ஸையும் பிசியோதெரபிஸ்டையும் வாசலுக்கே அனுப்புகிறது. நல்ல காரியம், ஆனால் அவர்கள் போன பிறகும் இரவு மிச்சமிருக்கிறது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் பிள்ளைகளில் மகன், மகள், பேரன், பேத்தி உண்டு, மருமகள் இல்லை. வீட்டில் அவள்தான் முதல் ஆள்! ஜெர்மனியில் 1995 முதல் நடக்கும் பராமரிப்புக் காப்பீட்டில், வீட்டார் பார்த்துக்கொண்டால் மாதாமாதம் ரொக்கம் உண்டு. பார்த்துக்கொள்பவரின் ஓய்வூதியக் கணக்கிலும் சந்தா ஏறும்.

அப்படியொன்று இங்கே வரும்வரை அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசலாம். வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறவர், வருடத்தில் ஒரு மாதம் லீவு போட்டு வந்து அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கட்டும். பாகம் பிரிக்கும்போது, பார்த்துக்கொண்டவளின் பங்கையும் சேர்த்தே எழுதட்டும்.